கழுவிக் கொண்டுவந்த காயம்

"அசையாமப் புடிச்சுக்குங்க சேச்சி!"

செல்வப்பிரியா கணவனின் இரண்டு தோள்களையும் கட்டிலோடு சேர்த்து அழுத்தினாள். நவீன்குமார் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை அப்படியும் இப்படியும் உருட்டினான். நர்ஸ் டின்சியின் கத்திரிக்கோல் சலவை வேட்டியின் கரையில் நுழைந்து சரசரவென்று மேலே ஏறியது. துணி இரண்டாகப் பிளந்து விழுந்தது.

முழங்காலுக்குக் கீழே, முன்பக்கத்தில் ஒரு காயம். தீப்பெட்டி அகலம்தான் இருக்கும். ஆனால் அதன் நடுவே வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. கால் அதற்குக் கீழே வேறு திசையில் திரும்பிக் கிடந்தது.

செல்வப்பிரியா கண்களை மூடிக்கொண்டாள்.

எலப்புள்ளியில் அம்மா வீட்டில் காலைத் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் அவள். மாமனார் கந்தப்பனின் போன் வந்தது. "நவீனுக்கு ஆக்சிடென்ட் அம்மிணி. பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டு இருக்கறேன். நீ வந்துரு." அவ்வளவுதான். அவள் ஆட்டோவில் வந்து வாசலில் நின்ற பிறகுதான் ஆம்புலன்ஸே வந்தது.

"விலகுங்கோ, விலகுங்கோ."

எலும்பு டாக்டர் சாய்கிருஷ்ணா உள்ளே வந்தார். கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். நெற்றியில் காலையில் இட்ட சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. காயத்தைக் குனிந்து பார்த்தார். கால் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். கையை நீட்டினார். டின்சி மருந்து ஏற்றிய சிரிஞ்சை அதில் வைத்தாள்.

"இதைப் போடறதுக்கு முன்னாடி நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்கோ. எங்கே விழுந்தார்? எப்போ விழுந்தார்? எந்த மருந்தாவது உடம்புக்கு ஒத்துக்காதா?"

"மருந்தெல்லாம் ஒத்துக்குமுங்க" என்றாள் செல்வப்பிரியா.

மற்ற இரண்டுக்கும் பதில் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. கந்தப்பன். அறுபது வயது. ஆறடி உயரம். துண்டைத் தோளில் மடித்துப் போட்டு, பஞ்சாயத்தில் பேசுகிறவரைப் போல நிமிர்ந்து நின்றார்.

"கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி ரோட்டுலங்க. பைக் சறுக்கிருச்சு. இப்பத்தானுங்க, ஒரு மணி நேரம் இருக்கும். ஆம்புலன்ஸ்ல தூக்கிப் போட்டு நேரா இங்கதான்."

"காயம் சுத்தமா இருக்கே. யார் கழுவினா?"

"ரோட்டோரத்து ஊட்டுக்காரங்க கொடத்துல தண்ணி கொண்டாந்து ஊத்துனாங்க. நல்ல மனுசங்க."

டாக்டர் நவீன்குமார் பக்கம் குனிந்தார். "நீங்களே சொல்லுங்கோ. எங்கே?"

நவீன்குமார் அப்பாவைப் பார்த்தான். பிறகு கண்களை மூடிக்கொண்டான்.

"ரோட்டுலதாங்க."

ஊசி ஏறியது.

டாக்டர் கையுறையைக் கழற்றியபடி செல்வப்பிரியாவிடம் வந்தார். "இது என்னன்னு கேட்டேள்னா, எலும்பு ஒரு தரம் வெளிக்காத்தைப் பார்த்துட்டா, கிருமி உள்ளே போய்க் குடியேறப் பார்க்கும். அது குடியேறதுக்கு முன்னாடியே மருந்து உள்ளே போய்க் காவல் நிக்கணும். முதல் ஒரு மணி நேரம் பொன்னான நேரம். நீங்கோ அதுக்குள்ளே வந்தாச்சு. ரோட்டுக் காயம், சுத்தமாவும் இருக்கு. இந்த மருந்து போறும். இப்ப கட்டிவிட்டு, தியேட்டர் ஒழிஞ்சதும் உள்ளே நன்னாக் கழுவிக் கம்பி போட்டுடறேன்."

"எப்பங்க தியேட்டர் ஒழியும்?"

"இன்னிக்கு வாளையார்ப் பக்கம் லாரி கவிழ்ந்து வரிசையா ஆள். ராத்திரிக்கு மேல ஆகும். பயப்படாதேங்கோ. சேறு, சாணின்னு ஏதாவது இருந்தா இப்பவே எல்லாரையும் தள்ளிட்டு இவரைத்தான் எடுப்பேன். இது அப்படி இல்லையோல்லியோ?"

"இல்லீங்க" என்றார் கந்தப்பன், கேட்காமலே.

*

மாலை வெயில் ஜன்னல் கம்பிகளில் சாய்ந்தபோது நவீன்குமார் முனக ஆரம்பித்தான்.

வலி மருந்து ஏறிக்கொண்டுதான் இருந்தது. இருந்தும் முனகல் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது முனகலாகவும் இல்லை. "காலு வெடிக்குது பிரியா... கட்டை அவுத்து வுடு... உள்ள என்னமோ ஊதுது..."

உடம்பெல்லாம் வியர்வை. செல்வப்பிரியா சிறு துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து முகத்தைத் துடைத்தாள். கழுத்தைத் துடைத்தாள். காதின் பின்புறம் மடிப்பில் துண்டை விட்டுச் சுழற்றி எடுத்தாள்.

துண்டு கறுப்பாக வந்தது.

அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விரலில் எடுத்துத் தேய்த்தாள். பிசுபிசுவென்று ஒட்டியது. கரிசல். கோபாலபுரம் ரோட்டோரத்தில் கிடப்பது செம்மண் சரளை. அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்த மண். இது தோட்டத்து மண். மூக்கருகே கொண்டுபோனாள்.

கோழி எரு.

போன வாரம் லாரியில் வந்து இறங்கியது. வாடை தாங்காமல்தான் அவள் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டதே. "வாடை போனதும் போன் பண்றேன், வந்துரு" என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏற்றிவிட்டவன் இதோ கட்டிலில் துடிக்கிறான்.

டின்சி வந்து நாடி பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். வெளியே ஓடினாள்.

டாக்டர் தியேட்டர் உடுப்போடு வந்தார். கட்டைப் பிரித்தார். காலையில் சாதாரணமாக இருந்த கெண்டைக்கால் இப்போது வீங்கிப் பளபளத்தது. காயத்தைச் சுற்றித் தோல் செம்பு நிறத்துக்கு மாறத் தொடங்கியிருந்தது. டாக்டர் விரலால் மெல்ல அழுத்தினார். நவீன்குமார் அலறிய அலறலில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"வலி காயத்தைவிடப் பெருசா இருக்கு. அதாக்கும் எனக்குப் பிடிக்கலை" என்றார் டாக்டர். டின்சியிடம் இரண்டு மருந்துகளின் பெயரைச் சொன்னார். "இதையும் சேர்த்து ஓட்டு. இப்பவே."

பிறகு செல்வப்பிரியாவை அறைக்கு வெளியே அழைத்துவந்தார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதேங்கோ. காலம்பற உங்க மாமனார் சொன்னது நெஜந்தானா?"

அவள் கறுத்த துண்டைக் காட்டினாள். "காதுக்குப் பின்னால இது இருந்துச்சுங்க. எரு வாடை. காயத்துல பட்டுச்சான்னு தெரியலீங்க."

"ஏன் கேக்கறேன்னா, ரோட்டுக் கிருமிக்கு ஒரு காவல், சாணி எருவில இருக்கற கிருமிக்கு வேற காவல். காலம்பற நான் போட்டது முதல் வகை. இப்ப ரெண்டாவதையும் சேர்த்துட்டேன், அது என் கையில இருக்கு. ஆனா எரு உள்ளே போயிருந்தா மருந்து மட்டும் போறாது. காலைத் திறந்து, கெட்டதை வெட்டி எடுக்கணும். அந்தக் கிருமிக்குக் காத்து ஆகாது. மூடின இடத்திலதான் அது வளரும். நாம கட்டுப் போட்டு மூடி வெச்சிருக்கோம்."

"அப்ப உடனே தொறங்களேன் சார்!"

"ஒரு டேபிள்ல ஆள் இருக்கு. இன்னொண்ணுல இடுப்பெலும்பு நொறுங்கின ஒருத்தருக்கு மயக்கம் குடுக்கப் போறா. வெறும் வீக்கமா இருந்து நான் அவரை எறக்கிப் போட்டேன்னா, அவர் போயிடுவார். எனக்குச் சந்தேகம் போறாது. நிச்சயம் வேணும். அரை மணி நேரம் தரேன், கேட்டுண்டு வாங்கோ."

*

கந்தப்பன் ஆஸ்பத்திரி வாசலில், வண்டிகள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

"மாமா, அவரு எங்க உழுந்தாரு?"

"இதென்ன கேள்வி? ரோட்டுல."

"ரோட்டுல கோழி எரு எங்கிருந்து வந்துச்சுங்க?" துண்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

கந்தப்பன் அதைப் பார்க்கவே இல்லை. "கோபாலபுரம் ரோட்டுல கோழி வண்டி போறதில்லையா? பொழுதுக்கும் அதுதான் போகுது. ஒழுகிட்டேதான் போகுது. ஒரு நாளைக்குப் போயி நின்னு பாரு."

பேச்சில் அவரை மடக்க முடியாது. ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். செல்வப்பிரியாவுக்கே ஒரு நொடி சந்தேகம் வந்தது. உண்மையாகவே இருக்குமோ?

"கரிசமண்ணுமா ஒழுகுது?"

"ஏய்!" பெஞ்சிலிருந்து எழுந்தார். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். குரல் சட்டென்று தாழ்ந்தது. "சத்தம் போடாத. இங்க பேசறதையெல்லாம் ஆஸ்பத்திரிக்காரன் எழுதுவான். அவன் எழுதறது போலீசுக்குப் போகும். போலீசுக்காரன் எழுதறது கோர்ட்டுக்குப் போகும். உனக்கு ஒண்ணுந் தெரியாது. நீ பேசாம இரு அம்மிணி."

கோர்ட்.

அந்த ஒரு வார்த்தையில் செல்வப்பிரியாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது.

தெக்காலத் தோட்டம்! கந்தப்பனின் தம்பி இறந்த பிறகு, தம்பி மனைவி மருதாத்தாள் தன் பாகத்துக்காகப் போட்ட வழக்கு. நடுவில் ஓடும் வரப்பும், அதன் தலைமாட்டில் நட்ட எல்லைக்கல்லும்தான் இரண்டு பாகத்தையும் பிரித்துக் காட்டுபவை. கிணறு மருதாத்தாளின் பக்கம். வரப்பே கிடையாது, எல்லாம் ஒரே தோட்டம் என்பது கந்தப்பன் கட்சி. தீர்ப்பு வரும்வரை யாரும் அதில் கால் வைக்கக்கூடாது என்று தடை. இடத்தை நேரில் பார்க்கக் கோர்ட் அனுப்பும் வக்கீல் கமிஷனர் வருவதாக இருந்தது.

வருவதாக இருந்த நாள் இன்றுதான்.

"தெக்காலத் தோட்டத்துலயாங்க மாமா? கல்லைப் புடுங்கப் போனீங்களா?"

"ரோட்டுல. செத்தாலும் அதைத்தான் சொல்லுவேன்."

"யாரு செத்தாலுங்க?"

கந்தப்பனின் தாடை ஒரு முறை அசைந்தது.  துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் நடந்துவிட்டார்.

*

மருதாத்தாளின் எண்ணை அழைக்கக்கூடாது.

வழக்கு போட்ட நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. கல்யாண வீட்டில் ஒரு வீடு நுழைந்தால் மறு வீடு பாதிப் பந்தியில் எழுந்துவிடும். மருதாத்தாளுக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோது, ஒரு தூக்குப் போசி கஞ்சி கொண்டுபோகப் புறப்பட்ட செல்வப்பிரியாவை வாசலில் மறித்து, "அந்த ஊட்டு வாசல் மிதிச்சா இந்த ஊட்டு வாசல் மிதிக்காத" என்றவர் கந்தப்பன். பக்கத்தில் நின்ற நவீன்குமார் தலையைக் குனிந்துகொண்டு கஞ்சியை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தான். பாவம், அவன் அப்படித்தான். அப்பா முன்னால் வாய் திறக்க மாட்டான்.

அவள் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி அழுத்தினாள்.

"யாரு?"

"சின்னத்தை, நான் பிரியா."

மறுமுனையில் சிரிப்பு. நல்ல சிரிப்பு இல்லை.

"அடேங்கப்பா. என்ற நம்பர அழிக்காம வெச்சிருக்கறயா? உன்ற மாமனார் பார்த்தாப் போனை ஒடைச்சுப்போடுவாரே. என்ன, ஜெயிச்சுப்போட்டோம்னு சொல்லறதுக்குக் கூப்பிட்டியா?"

"அத்தை, அவருக்குக் காலு ஒடஞ்சுருச்சு. ஆஸ்பத்திரில கெடக்கறாரு."

சிரிப்பு நின்றது. "யாருக்கு? நவீனுக்கா?"

"ரோட்டுல உழுந்தாருன்னு மாமா சொல்றாரு. இல்லீன்னு எனக்குத் தோணுது. தோட்டத்துல என்னங்கத்தை நடந்துச்சு? டாக்டருக்குத் தெரியோணும். தெரிஞ்சாத்தான் காலு மிஞ்சும்."

"அத நான் ஏஞ் சொல்லோணும்?" மருதாத்தாளின் குரல் கல்லாக இருந்தது. "என்ற புருசன் செத்து வருசந் திரும்பறதுக்குள்ள என்ற கெணத்துக்குப் பூட்டுப் போட்டவரு உன்ற மாமனார். ஒத்தைப் பொம்பளை, என்ன பண்ணிருவாங்கற எளக்காரம். அப்ப நீங்க யாராச்சும் வாயத் தொறந்தீங்களா?"

"தொறக்கலீங்கத்தை."

"பொறவு?"

"இப்பத் தொறக்கறேன். நீங்க சொல்றதைக் கோர்ட்டுல வந்து நானும் சொல்றேன். அங்க கல்லு இருந்துச்சு, வரப்பு இருந்துச்சு, என்ற கண்ணுல பார்த்தேன்னு சொல்றேன்."

மறுமுனையில் ஒரு மாடு கத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

"உன்ற ஊட்டுக்காரங்க உன்னை ஊட்டுல வெப்பாங்களா?"

"காலு மொதல்ல. சொல்லுங்கத்தை!"

"வெடியால இருட்டோட டிராக்டர் சத்தங் கேட்டுச்சு. கமிஷனர் வர்ற அன்னிக்குன்னு பார்த்து உழுகறாங்களேன்னு எனக்கு வயிறு எரிஞ்சுது. டார்ச்சு வெளிச்சம், சங்கிலிச் சத்தம். கல்லைக் கட்டி இழுக்கறாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. போயித் தடுத்தா வெட்டிப்போடுவாங்கன்னு கதவைச் சாத்திட்டு உக்காந்திருந்தேன். ஒரு கத்தல் கேட்டுச்சு. டிராக்டர் நின்னுருச்சு."

"பொறவு?"

"சித்த நேரம் ஒண்ணுமில்ல. பொறவு மறுக்கா ஓடுச்சு. ஓடிட்டே இருந்துச்சு. பால் வண்டி வந்து, பால் எடுத்துட்டுப் போற வரைக்கும் ஓடுச்சு. அதனாலதான், கத்தினது எவனோ, எல்லாம் நல்லாத்தான் இருக்கறாங்கன்னு நெனச்சுப்போட்டேன். கமிஷனர் வந்தப்ப வரப்பும் இல்ல, கல்லும் இல்ல. ஒரே உழவு, மேல கோழி எரு. கல்லு இருந்த எடத்துல நாய் மோந்து மோந்து மண்ணைப் பொராண்டிட்டு நின்னுச்சு. கிட்டப் போயிப் பார்த்தா ரத்தம். ஆட்டை கீட்டை அறுத்தாங்களோன்னு..." குரல் உடைந்தது. "நம்ம நவீனா அது?"

செல்வப்பிரியா போனை அணைக்கக்கூட மறந்து ஓடினாள்.

*

"வயலுங்க சார்! கரிசல், கோழி எரு. காலு மேல கல்லு உழுந்திருக்குது."

"எப்போ?"

"வெடியால. இருட்டுப் பிரியறப்ப."

டாக்டர் ஒரு கணம் அசையாமல் நின்றார். ஒரு மணி நேரம் என்று நினைத்துக் காலையில் அவர் போட்ட ஊசி, அந்த ஒரு மணி நேரம் முடிந்து வெகு நேரம் கழித்துத்தான் உள்ளே போயிருக்கிறது. கிருமி குடியேறிக் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு வாசலில் காவல் போட்டதைப் போல.

"டின்சி, தியேட்டருக்குச் சொல்லு. இடுப்பெலும்புக்காரரைக் காத்திருக்கச் சொல்லு. இவரை உள்ளே தள்ளு!"

ஸ்ட்ரெச்சரின் சக்கரங்கள் தடதடத்து ஓடின. கதவு மூடியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

செல்வப்பிரியா சுவரில் சாய்ந்து நின்றாள். கந்தப்பன் எதிர்ச்சுவரில். இருவருக்கும் நடுவில் ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

கதவு சீக்கிரமே திறந்தது. அவ்வளவு சீக்கிரம் திறந்திருக்கக்கூடாது. டாக்டரின் முகமூடி கழுத்தில் தொங்கியது. சந்தனம் வியர்வையில் கரைந்து போயிருந்தது.

"திறந்து பார்த்தேன். சதை சாம்பல் நிறத்தில இருக்கு. வெட்டினா ரத்தம் வரலை. தொட்டாத் துடிக்கலை. உள்ளே காத்து கட்டி நெறநெறங்கறது. முழங்கால்கிட்ட வந்தாச்சு. இன்னும் மேல ஏறித்துன்னா ஆளே இல்லை." ஒரு தாளை நீட்டினார். "தொடையில எடுக்கணும். கையெழுத்துப் போடுங்கோ."

"காலையிலயே சொல்லியிருந்தா சார்..."

"காப்பாத்தியிருப்பேன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா சண்டை போட்டிருப்பேன். இப்ப சண்டை போடறதுக்கு அங்கே ஒண்ணும் இல்லை."

அவள் போட்டாள். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது.

டாக்டர் உள்ளே திரும்பப் போனவர் நின்றார். கந்தப்பனைப் பார்த்தார்.

"பெரியவரே, விடிகாலையில அடிபட்டவரை வெயில் ஏறினதும் கொண்டுவந்தேள். எரு தெரியாம நன்னாக் கழுவி, சலவை வேட்டி கட்டி விட்டிருக்கேள். அதுக்கு எத்தனை நேரம் ஆயிருக்கும்? பாக்கி நேரமெல்லாம் என்ன பண்ணிண்டிருந்தேள்?"

கந்தப்பனின் அந்த ஆறடி உடம்பு சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தது.

செல்வப்பிரியாதான் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"உழுதுட்டு இருந்தாருங்க சார். பெத்த பையனைக் காலு ஒடஞ்சு எருவுல கெடக்க வுட்டுப்போட்டு, வரப்பு இருந்த அடையாளம் தெரியாம உழுதுட்டு இருந்தாரு. பால் வண்டி போற வரைக்கும் உழுதாரு."

டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"மனுசனா நீங்க?" செல்வப்பிரியா மாமனாரின் முன்னால் போய் நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் முன்னால் குரல் உயர்த்தாதவள். "மாடு காலு ஒடஞ்சு கெடந்தாக்கூட ஏரை அவுத்துப்போட்டு ஓடி வருவாங்களே! ஒரு சாண் வரப்புக்காக ஒரு காலைக் குடுத்துப்போட்டீங்க. நான் கோர்ட்டுக்குப் போறேன். சின்னத்தை பக்கம் நின்னு சொல்லப் போறேன். என்ன வேணாலும் பண்ணிக்குங்க. இனி உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்."

கந்தப்பன் நிமிர்ந்து பார்த்தார். பேச்சில் யாருக்கும் மடங்காத அந்தக் கண்களில் ஒரு வாதமும் இல்லை.

"ஆமா அம்மிணி" என்றார். "நாந்தான். எல்லாம் நாந்தான். கோர்ட்டுல போயிச் சொல்லு. எங்கிட்ட எத வேணாலும் கேளு, எப்படி வேணாலும் வைய்யி." துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டார். அதற்குள்ளிருந்து குரல் நசுங்கி வந்தது. "அவங்கிட்ட மட்டும் ஒண்ணுங் கேக்காத."

வெட்கங்கெட்ட மனிதர் என்று நினைத்தாள். மகன் வாயாலும் கேட்டுவிட்டால் தாங்காது, அதுதான் இவருக்குப் பயம்.

*

ஆபரேஷன் முடிந்தும் அன்று நவீன்குமாருக்குப் பேச்சும் நினைவும் திரும்பவில்லை. மறுநாளும் இல்லை. காய்ச்சல் ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. அதற்கடுத்த நாள் காலையில்தான் டின்சி வந்து அழைத்தாள். "சேச்சி, கண்ணு தொறந்தாச்சு. உங்க பேரு சொல்லி விளிக்குது. காலு விஷயம் ஒண்ணும் அறியில்ல கேட்டோ. மெல்லச் சொல்லணும், பையப் பறையணும்."

தீவிர சிகிச்சைப் பிரிவில் நவீன்குமார் கண் திறந்து கிடந்தான். போர்வை இடுப்புவரை மூடியிருந்தது. இடது பக்கம் ஒரு மேடு. வலது பக்கம் பாதி மேடு, அதற்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. அவன் இன்னும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

எப்படி ஆரம்பிப்பது என்று அவள் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்திருந்தாள். அதற்கு அவன் இடம் வைக்கவில்லை.

"பிரியா..." உதடு வெடித்திருந்தது. "கமிஷனர் வந்தாரா?"

அவளுக்குப் புரியவில்லை. "என்னங்க?"

"தோட்டத்துக்கு. கமிஷனர். வந்து பார்த்தாரா?"

"வந்துட்டுப் போயிட்டாருங்க."

"வரப்பு கண்ணுக்குத் தெரியலியே?"

"தெரியலியாம்."

நவீன்குமார் மூச்சை மெல்ல விட்டான். உதட்டோரத்தில் லேசாக ஒரு சிரிப்பு. வாடை போனதும் போன் பண்றேன் என்று பஸ் ஏற்றிவிட்டபோது சிரித்த அதே சிரிப்பு.

செல்வப்பிரியா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அதெல்லாம் இப்ப எதுக்குங்க? உங்கப்பா உங்களை அப்படியே போட்டுப்போட்டு உழுதாரே, அந்தப் பாவத்தை..."

"அப்பாவா?" அவன் தலையை அசைத்தான். வலியில் நெற்றி சுருங்கியது. "அவருக்கு எங்க அந்தத் தெகிரியம்? கல்லைப் புடுங்கறதுக்கே நாலு நாளா நான் கெஞ்ச வேண்டியதாப் போச்சு. சங்கிலி அந்து கல்லு எங்கால்ல உருண்ட ஒடனே டிராக்டரை வுட்டுப்போட்டு ஓடியாந்து என்னைத் தூக்குனாரு. ஆஸ்பத்திரிக்குப் போலாங் கண்ணு, நெலம் போனாப் போகுதுன்னு கொழந்தையாட்ட அழுதாரு. நாந்தான் புடிச்சுத் தள்ளி வுட்டேன்."

கண்கள் மறுபடி செருகத் தொடங்கின. ஆனால் குரல் தெளிவாகத்தான் இருந்தது.

"வெடிஞ்சாக் கமிஷனர் வந்துருவாரு, மிச்ச வரப்பையும் உழுதுபோட்டு வாங்க, அதுக்குள்ள காலு எங்க போயிருதுன்னு நாந்தான் சொன்னேன்."